மூணாவது ஆள்

— போன வச்சிடாத வீரம்மா. நான் பிரிக்பீல்ட்ஸ் சந்திரகலா. பிங்பாங் சந்திரகலா.

— சந்திராக்காவா? அலாமாக், நாலு வருஷம் கழிச்சு சாம்பியனுக்கு எங்க சுங்கை வே ஊரு ஞாபகம் வந்திருச்சே லா.

— கிண்டல் பண்ணு, பரவால்ல. எனக்கு ஒரு உதவி வேணும். ஜப்பான் போட்டிக்கு ஞாயித்துக்கிழமை ஆள் எடுக்கிறாங்க. நம்ம கிளாஸ், அதான் கால் ஊனத்தோட நின்னு ஆடுற பொம்பளைங்க பிரிவு, மூணு பேராவது இருந்தாத்தான் நடத்துவாங்களாம். நானும் கிள்ளான் வள்ளியம்மாவும் ரெண்டே பேருதான் இருக்கோம். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள மூணாவது ஆள் பேர் குடுக்கலன்னா எங்க ஆட்டத்தையே தூக்கிடுவாங்க.

— அப்ப நீங்க ஜப்பான் போக முடியாது.

— முடியாது. எனக்கு முப்பத்தாறு ஆச்சு வீரம்மா. இனிமே எனக்கு எங்கேர்ந்து இன்னொரு ஜப்பான் வரப்போகுது? ஃபேக்டரியில ஓவர்டைம், ஆட நேரமில்லன்னு நீ நின்னுட்டது தெரியும். ஒரே ஒரு நாள் லீவு போட்டுட்டு வா.

— ஓவர்டைமா? யாருக்கா சொன்னா? என்னத்தான் அந்த கிளாஸ்ல இருந்தே எடுத்துட்டாங்களே.

— எடுத்துட்டாங்களா? யாரு?

— டாக்டருதான். ஊனமுற்றோர் சங்கத்துல நம்ம காலையெல்லாம் தட்டிப் பாத்து, மடக்கிப் பாத்து கிளாஸ் பிரிச்சாரே, அவரு. என் காலு அந்த அளவுக்கு மோசமில்லையாம். ஊனத்துலயே சேராதாம். ஆடணும்னா நல்ல கால் உள்ளவங்களோட போய் ஆடிக்கச் சொன்னாராம்.

— சொன்னாராமா? உன்கிட்ட நேரா சொல்லலையா?

— டாக்டர் எங்கக்கா நம்மகிட்ட பேசுவாரு? இங்கிலீஷ்ல ஏதோ சொல்லிட்டுப் போயிட்டாரு. உங்க அண்ணன்தான் வேன்ல வீட்டுக்குக் கொண்டாந்து விடறப்ப சொன்னாரு. சந்தோஷமா இரு வீரம்மா, உன் காலுக்கு ஒண்ணும் இல்லையாம்னு.

— எங்க அண்ணனா? நாகையா அண்ணனா?

— சங்கத்து வேன வேற யாருக்கா ஓட்டுறா?

— இரு வீரம்மா. அப்படியே இரு, வச்சிடாத. அண்ணே, அந்த ரேடியோவ நிறுத்திட்டு இங்க வா. வீரம்மா காலு நல்லா இருக்குன்னு டாக்டர் உன்கிட்ட எப்ப சொன்னாரு?

— இப்ப எதுக்கும்மா அது? ஆட வர்றாளான்னு கேக்கத்தானே போன் போட்ட.

— நீ பதில் சொல்லு.

— சொல்லல.

— டாக்டர் சொல்லவே இல்ல?

— இல்ல. நானா சொன்னேன். உன்கிட்ட ஓவர்டைம்னு சொன்னதும் அதுக்குத்தான்.

— என்னண்ணே சொல்ற நீ?

— எண்பத்தஞ்சுல ஈப்போவுல அவ உன்ன என்ன பாடு படுத்துனா, மறந்துட்டியா? கடைசி செட்டுல தப்பிச்சோம் பொழைச்சோம்னு ஜெயிச்ச. அடுத்த வருஷம் கட்டாயம் அவதான். அம்மா செத்து, நீ ரூமை விட்டு வெளிய வராம கெடந்த நேரம் சந்திரா அது. உனக்குன்னு இருந்தது அந்த மட்டை ஒண்ணுதான். அதையும் ஒருத்தி பிடுங்கிட்டா நீ என்ன ஆயிருப்ப? எனக்குப் பயமா இருந்துச்சு.

— அப்ப எங்களோட ஆடுன செலாயாங் புஷ்பவல்லி? அவளுக்குக் கல்யாணம் ஆகப்போகுது, இனிமே வரமாட்டான்னு நீதானே வந்து சொன்ன?

— அவகிட்ட, நம்ம கிளாஸையே மூடிட்டாங்கன்னு சொன்னேன்.

— அடப்பாவி. இன்னும் யார் யாரு?

— கேக்காத.

— வருஷா வருஷம் கோப்பையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பேப்பருக்குப் போட்டோ எடுத்தேனே. யாரண்ணே ஜெயிச்சேன் நான்? நீ விரட்டுனது போக மிச்சம் இருந்தவங்களையா? வெக்கமா இருக்கு எனக்கு. இப்ப ஆள் இல்லன்னு என் ஆட்டத்தையே தூக்குறாங்க. அதுக்கும் நீதான் காரணம்.

— தெரியுது. போன வாரம் மீட்டிங்ல மூணு பேர் வேணும்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

— அக்கா. நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— வீரம்மா, எனக்கு இது எதுவுமே தெரியாது. அம்மா மேல சத்தியமா தெரியாது.

— நீங்க அப்படிப்பட்ட ஆளில்லன்னு எனக்குத் தெரியாதா? ஈப்போவுல நான் அடிச்ச பந்து அவுட்டுன்னு அம்பயர் சொன்னாரு. இல்ல, மேசை ஓரத்துல பட்டுச்சுன்னு நீங்களே சொல்லி பாயின்ட்ட எனக்குக் குடுத்தீங்க. அத நான் எங்க ஃபேக்டரியில எத்தனை பேருகிட்ட சொல்லியிருப்பேன்.

— அப்ப வா. இப்பவே உன் பேரக் குடுக்கிறேன். நீயே ஜெயிச்சு நீயே ஜப்பானுக்குப் போனாலும் சரி, ஏர்போர்ட்டுக்கு நான் வந்து வழியனுப்புறேன். இது வாய் வார்த்தை இல்ல வீரம்மா. எனக்கு ஒரு தடவை நெஜமான ஆளோட ஆடணும்.

— போன உங்க அண்ணன்கிட்ட குடுங்க.

— இந்தா, பிடி. அவகிட்ட பேசு. தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்காத, பேசு.

— வீரம்மா, நாகையா பேசுறேன். உன்கிட்ட மன்னிப்பு கேக்கக்கூட எனக்கு வாயில்ல. தப்பு பண்ணிட்டேன்மா. ஞாயித்துக்கிழமை காலையில நானே உன் வீட்டு வாசலுக்கு வேன கொண்டாறேன். உன்ன மேசைக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்துறது என் பொறுப்பு.

— எப்படிண்ணே நிறுத்துவீங்க? நீங்க சொன்னத நம்பி மறுநாளே கால்ல மாட்டியிருந்த இரும்புக் காலிப்பரக் கழட்டி எறிஞ்சேன். டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாரு, இனிமே எனக்கு எதுக்கு இரும்புன்னு ஃபேக்டரி மாடிப்படி ஏறுனேன். பாதிப் படியில விழுந்து இடுப்பெலும்பு போச்சு. நான் நின்னு நாலு வருஷமாச்சுண்ணே.