அறுபத்தொரு பேராக நின்ற ஒருவர்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவற்றைக் காவல் நிலைய எழுத்தர் முதல் தாளில் எழுதிக்கொண்டுவிட்டார். வயது நாற்பத்து நான்கு. திருமணம் ஆகவில்லை, இந்தக் கேள்வி எதற்கு என்று கேட்டேன், படிவத்தில் இருக்கிறது என்றார்கள். புகார் கொடுத்திருக்கும் பெரிய டாக்டரின் சிறுநீரகப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் புள்ளிவிவர அலுவலராக இருக்கிறேன். மருந்து கொடுப்பது என் வேலை அல்ல. கொடுத்த மருந்து என்ன செய்தது என்று கணக்குப் பார்ப்பது என் வேலை. புகாரில் என் மேல் மூன்று குற்றங்கள் சொல்லப்பட்டுள்ளன: கூட்டத்தில் கணினியை உடைத்தேன், டாக்டரின் மாமனார் வீட்டுக்குள் பொய் சொல்லி நுழைந்தேன், அவருடைய சிகிச்சை விவரத்தைப் பலர் முன்னிலையில் சொன்னேன். முதலாவதும் மூன்றாவதும் உண்மை. இரண்டாவதில் பொய் எதுவும் இல்லை, அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

எங்கள் பிரிவுக்கு டயாலிசிஸ் செய்துகொள்ள வருகிறவர்களுக்கு ரத்தம் குறைந்துகொண்டே போகும். அதற்கு ஓர் ஊசி உண்டு, வார்டில் ரத்த ஊசி என்பார்கள். மாதம் ஒரு முறை ரத்தத்தைப் பார்ப்பார்கள். குறைந்திருந்தால் ஊசியின் அளவைக் கூட்டுவார்கள், ஏறியிருந்தால் குறைப்பார்கள். என் அக்காவின் கணவரும், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், அங்கேதான் வருகிறார். இதை நான் மறைத்ததாக டாக்டர் சொல்லியிருக்கிறார். அத்தானைப் பிரிவில் சேர்க்கும் தாளில் உறவினர் கையெழுத்துப் போட்டதே நான்தான், டாக்டர் எதிரில்தான் போட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் டாக்டர் தானே ஓர் அறிக்கை தயாரித்தார். அதிகம் ஊசி வாங்கியவர்கள் அதிகம் இறந்திருக்கிறார்கள், ஆகவே ஊசி ஆளைக் கொல்கிறது என்று எழுதினார். மோசமாகிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் ஊசியை ஏற்றினார்கள் என்பது அவர் புத்தியில் ஏறவில்லை. குடை பிடித்தவர்கள்தான் அதிகம் நனைந்திருக்கிறார்கள், ஆகவே குடையைப் பிடுங்குங்கள் என்பது போன்ற அறிக்கை அது. அதன் பிறகு எல்லாருக்கும் ஊசியைக் குறைத்தார்கள். அத்தான் வீட்டு மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிடுவார், அக்கா பின்னாலேயே ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள்.

அதன் பிறகு நான் அந்த அறிக்கையைத் தப்பு என்றேன். அப்படியானால் ஒரே அளவு ரத்தம் உள்ளவர்களை மட்டும் ஒப்பிடுங்கள் என்றார் டாக்டர். அதுவும் தப்பு என்றேன், ஏனென்றால் ரத்தம் ஊசிக்குக் காரணம் மட்டும் இல்லை, போன மாத ஊசியின் பலனும் அதுதான். எல்லார் குழம்பிலும் உப்பைச் சமமாக்கிவிட்டு யார் கைக்கு உப்பு சரியாக விழுகிறது என்று கேட்க முடியாது. இந்த இடத்தில் விசாரணை அதிகாரி கொட்டாவி விட்டு, இதெல்லாம் எழுத வேண்டாம் என்றார். எழுத வேண்டும் என்றேன். எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதால் எழுதப்படுகிறது.

அதன் பிறகு நான் வேறு முறையில் கணக்குப் போட்டேன். அந்த முறையில், ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கேள்வி: இதுவரை இவருக்கு ரத்தம் எப்படி இருந்தது, ஊசி எவ்வளவு போட்டார்கள் என்று தெரிந்தவர், இந்த மாதம் இவருக்கு இந்த அளவு ஊசிதான் என்று எதிர்பார்த்திருப்பாரா. எதிர்பார்த்தபடி கிடைத்தவர் கணக்கில் லேசாக நிற்பார். எதிர்பாராத அளவு கிடைத்தவர் கனமாக நிற்பார், ஏனென்றால் அவரைப் போலவே இருந்தும் அந்த ஊசி கிடைக்காதவர்களுக்கும் சேர்த்து அவர் ஒருவரே நிற்கிறார். இப்படிப் போட்டபோது, ரத்தம் குறைந்தவர்களுக்கு ஊசி நல்லதுதான் செய்கிறது என்று தெரிந்தது. டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார். ஊசி பழைய அளவுக்கு வந்தது, அத்தான் முக்காலி இல்லாமல் மாடி ஏறினார்.

அதோடு விட்டிருக்கலாம். இந்த ஆண்டு டாக்டர், ரத்தம் ஏற்கெனவே நன்றாக இருப்பவர்களுக்கும் ஊசியை ஏற்றினால் இன்னும் நன்றாக இருப்பார்கள், உங்கள் கணக்கிலேயே அது இருக்கிறது என்றார். ரத்தம் அளவுக்கு மேல் ஏறினால் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும் பயம் உண்டு. கணக்கைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது இருந்தது. அந்தப் பலன் முழுவதும் ஒரே ஆளிடமிருந்து வந்துகொண்டிருந்தது. ரத்தம் நன்றாக இருந்தும் மாதா மாதம் உச்ச அளவு ஊசி எழுதப்பட்டவர் மொத்தக் கணக்கிலும் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு மாதமும் நடக்கக் கூடாதது அவருக்கு நடந்து நடந்து, கடைசியில் அவர் அறுபத்தொரு பேராக நின்றார். அறுபத்தொரு பேரும் திடகாத்திரமாக இருந்தார்கள்.

என்னைக் கேட்டதன் பேரில் சொல்வது: இல்லாத நோயாளிகளை நான் உண்டாக்கவில்லை. ஒருவரை அறுபத்தொன்றாக எண்ணுவது முறைதான், ஆனால் ஒரே ஆள் இத்தனை பேருக்கு நிற்கிறார் என்றால் அங்கே நமக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். யாரும் பத்துப் பேருக்கு மேல் நிற்க வேண்டாம் என்று வெட்டிவிடலாம், பலன் இருந்த இடம் தெரியாமல் போகும் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர், "உங்க கணக்குதானே? போன தடவை நான் கேட்டுக்கிட்டேன் இல்ல? இப்ப நீங்க கேளுங்க" என்றார். பிறகு, "நான் கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன்" என்றும் சொன்னார்.

எங்களிடம் இருப்பவை எண்கள் மட்டும். எண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஆளைத் தேடிப் போகக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. ஆனால் வயது எண்பதைத் தாண்டியவர், தனி அறையில், மற்றவர்களை விட ஒரு நாள் கூடுதலாக டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் எங்கள் கட்டடத்தில் கடைநிலை ஊழியர்கூடக் கைகாட்டுவார். அவர் டாக்டரின் மாமனார். வீட்டுப் பெரியவர் என்பதால் டாக்டர் பார்த்துப் பார்த்து எழுதிய ஊசி அது.

அதன் பிறகு புதன்கிழமை பகலில் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். வாசலில் காவலாளி யார் என்று கேட்டதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்துதான் போனேன். பெரியவர் தொலைக்காட்சியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வைத்தால் வர்ணனைக்காரன் மேல் கோபம் வருகிறதாம். எனக்கு பிஸ்கட் எடுத்து வைத்தார். ஊசி போட்டுக்கொண்டால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அதை நான் போட்டுக்கறதே இல்லம்மா. முதல் ரெண்டு தடவை போட்டாங்க, மண்டைக்குள்ள யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருந்துச்சு. நர்சுகிட்ட, போட்டாச்சுன்னு எழுதிட்டுக் குப்பையில போட்டுடுன்னு சொல்லிட்டேன். எனக்கு எப்பவுமே ரத்தம் நல்லாத்தான் ஊறும்."

"டாக்டர்கிட்ட சொல்லலாமே, ஐயா."

"மாப்பிள்ளைகிட்ட வேண்டாம்னு சொல்றதா? என் பொண்ணு அந்த வீட்டுல இருக்கணும் இல்ல."

அந்த நர்ஸ் யார் என்று கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை காலை டாக்டரின் அறைக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை தொலைபேசியில் இருக்கிறார் என்றார்கள், இரண்டாம் முறை கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார் என்றார்கள். கூட்டத்தில் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகளின் வீட்டார் என ஐம்பது பேர் இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அக்கா இருந்தாள். டாக்டர் என் கணக்கைத் திரையில் போட்டு, மேலே போகிற கோட்டைக் காட்டி, திங்கள் முதல் எல்லாருக்கும் புது அளவு என்றார். நான் எழுந்து, அந்தக் கோட்டின் மேல்பாதி முழுக்க ஒரே ஆள் என்றேன். உட்காரச் சொன்னார். அதன் பிறகு நான், அந்த ஆள் உங்கள் மாமனார், அவர் அந்த ஊசியைப் போட்டுக்கொள்வதே இல்லை என்றேன்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே கைபேசியை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துப் பேசினார்.

"மாமா, ஊசி ஒழுங்காப் போட்டுக்கறீங்கதானே?"

"ஆமா மாப்பிள்ளை. ஒரு தடவைகூட விட்டதில்ல. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல மாமா. இங்க ஒருத்தங்களுக்குச் சந்தேகம்."

அறை முழுவதும் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். உலகத்தில் யாரிடம் அந்தப் பெரியவரால் உண்மையைச் சொல்ல முடியாதோ, அந்த ஒரே ஆளைக் கேட்க விட்டுவிட்டு ஐம்பது பேர் பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு நான் மேடைக்குப் போய்க் கணினியின் வயரைப் பிடித்து இழுத்தேன். கணினி கீழே விழுந்தது, அதன் மேல் டாக்டரின் தேநீர் விழுந்தது. தேநீர் விழுந்தது தற்செயல். வயரை இழுத்தது தற்செயல் இல்லை.

தாழ்வாரத்தில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் ஏத்தினதுக்கே மனுஷன் எழுந்து நடமாடறார். இன்னும் ஏத்தினா உனக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"அவருக்கு இப்ப ரத்தம் போதும்கா. இதுக்கு மேல என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. தெரியும்னு சொல்றவங்க கையில இருக்கறது ஒரு குப்பைத்தொட்டிதான்."

"ஊசியைக் குறைச்சப்பவும் உங்க ஆஸ்பத்திரிக் கணக்குதான்னு சொன்னாங்க. ஏத்தினப்பவும் உன் கணக்குன்னு சொன்ன. இப்ப அதே கணக்கு தப்புங்கற. நான் எதைத்தான்டி நம்பறது?"

அவள் கேட்டதில் தப்பு இல்லை. மறுநாள் டாக்டர் கொடுத்த புகாரில் நேரில் பார்த்த சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பது அவள்தான் என்று இங்கே வந்த பிறகுதான் எனக்குக் காட்டினார்கள்.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் டாக்டர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார், வேலையும் போகாது என்று சொல்லப்பட்டது. கணினிக்கும் தேநீருக்கும் எழுதித் தருகிறேன் என்றேன். மாமனார் பற்றிச் சொன்னது பொய் என்று ஒரு வரி வேண்டுமாம். அந்த வரியை எழுத மாட்டேன். மாப்பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பெரியவரைத் தனியாகக் கேளுங்கள் என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன். நோயாளியான முதியவரைத் தொந்தரவு செய்ய முடியாது என்றார். தெம்பாக இருக்கிறார் என்பதற்காகத்தானே ஊரெல்லாம் அந்த ஊசியை ஏற்றுகிறார்கள் என்று கேட்டேன்.

இன்று திங்கள்கிழமை. நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அத்தானுக்குப் புது அளவு போட்டாகிவிட்டது. போட்டுவிட்டார்கள், நன்றாக இருக்கிறார், நீ இனிமேல் வர வேண்டாம் என்று அக்கா செய்தி அனுப்பியிருக்கிறாள்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். சொல்ல வேண்டும். ஒரே மனிதருக்கு ஊசியைப் போட்டும் பார்த்து, போடாமலும் பார்க்க யாராலும் முடியாது. அதனால் அத்தானை வைத்து நான் சொன்னது சரி என்று யாருக்கும் நிரூபிக்க முடியாது. அவருக்கு ஏதாவது ஆனால், ஏற்கெனவே நோயாளிதானே என்று டாக்டர் சொல்வார், அக்காவும் நம்புவாள். ஒன்றும் ஆகாவிட்டால் நான் பொய்க்காரி, கூடவே புத்தி கெட்டவள். எனக்கு இரண்டாவது போதும். அவர் பாட்டுக்கு மாடி ஏறி இறங்கட்டும், அக்கா என்னை ஆயுசுக்கும் பொய்க்காரி என்று திட்டிக்கொண்டிருக்கட்டும்.

இதுவரை எழுதியிருப்பதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இருக்கிறது, யாரும் மிரட்டி வாங்கியதில்லை, உண்மைக்கு மாறாக இதில் ஒன்றும் இல்லை. கடைசிப் பத்தி வழக்குக்குத் தேவையில்லை, அடித்துவிடலாம் என்றார் அதிகாரி. அது இருக்கட்டும் என்று சொல்லி அதன் கீழேயே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)