காத்தான் கேலரி

திருவிடைமருதூர் வட்டம், செங்கழனிமங்கலம், காலனித் தெருவில் குடியிருந்து வரும் காலஞ்சென்ற காத்தான் மகன் அறிவுச்செல்வன், வயது 21, ஆகிய நான், அரசு மருத்துவமனை எலும்பு முறிவு வார்டில் சிகிச்சையில் இருந்துகொண்டு, சார்பு ஆய்வாளர் அவர்கள் விசாரித்ததன் பேரில் கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் என் தாயார் காளியம்மாளுடன் வசித்து வருகிறேன். தாயார் விவசாயக் கூலி. நான் டிப்ளமோ முடித்துவிட்டு, துபாயிலிருந்து திரும்பி வந்த மூஸா என்பவர் கடைத்தெருவில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் 2004ஆம் ஆண்டு முதல் வேலை பார்த்து வந்தேன். அங்கே வாடகை கொடுத்துப் பையன்கள் கிரிக்கெட் கேம் ஆடுவார்கள். கேமில் வருபவை எல்லாம் வெளிநாட்டு மைதானங்கள். புல், கேலரி, கூரை, எல்லைக்கோட்டு விளம்பரப் பலகை, ஸ்கோர் போர்டு ஒவ்வொன்றும் கம்ப்யூட்டரில் தனித்தனிப் படமாக இருக்கும். அதை எடுத்துவிட்டு, நாம் வரைந்த படத்தை அதே அளவில் அதே பெயரில் வைத்தால் கேமில் நம்முடையது தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. நானே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊரில் வாய்க்கால் ஓரமாக ஒரு கிரிக்கெட் மைதானம் உண்டு. அது புறம்போக்கு. முன்பு தண்ணீர் நின்ற பள்ளம். என் தகப்பனார் உள்ளிட்ட எங்கள் தெரு ஆட்கள் தூர் வாரிய மண்ணைச் சுமந்து கொட்டி அதை மேடாக்கினார்கள். அதில் மேலத்தெருக்காரர்கள் மட்டும் ஆடுவார்கள். நாங்கள் கருவேலங்காட்டில் நின்று, வந்து விழும் பந்தை எடுத்து எறியலாம். எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது. என் தகப்பனார் ஒருநாளும் அங்கே உட்கார்ந்து ஆட்டம் பார்த்ததில்லை.

கேமில் படம் மாற்றக் கற்றுக்கொண்ட பிறகு நான் அந்த மைதானத்தை கேமில் வரைந்தேன். பனைமரம், தண்ணீர்த் தொட்டி, வாய்க்கால் மதகு எல்லாம் வைத்தேன். ஊரில் கேலரி கிடையாது. நான் ஒரு கேலரி கட்டி, அதன் நெற்றியில் காத்தான் கேலரி என்று தமிழில் எழுதினேன். விளம்பரப் பலகைகளில் எங்கள் தெருப் பையன்களின் பெயரைப் போட்டேன். ரேஷன் கடைக்கு வந்திருந்த என் தாயாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

“இதுல எதுப்பா அப்பா பேரு?” என்று கேட்டார். காட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தார். மூஸா பாய் நாற்காலி கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை.

மூஸா பாயின் தங்கை மகன் அஸார் சென்னையில் கிராபிக்ஸ் கம்பெனியில் இருக்கிறார். ஊருக்கு வந்திருந்தபோது நான் செய்ததைப் பார்த்துவிட்டு, அதை சிடியில் போட்டு எடுத்துக்கொண்டு நேர்முகத் தேர்வுக்கு வரச் சொன்னார். நானும் சிடி போட்டு வைத்திருந்தேன்.

அதன் பிறகு மேலத்தெரு சாமிதுரை கேம் ஆட வந்து, அந்த மைதானத்தைத் திறந்து பார்த்துவிட்டு, எழுந்து போனான். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து மூஸா பாய் கடைக்குத் திரும்பிய பிறகு சாமிதுரை, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருக்கும் அவன் அண்ணன் சிங்காரவேலு, இன்னும் பெயர் தெரியாத சிலர் உள்ளே வந்தார்கள். சிங்காரவேலுதான் ஊர் மேட்சுக்குக் கோப்பை வாங்கிக் கொடுப்பவர்.

“எங்க கிரவுண்டுல எவன் பேர்டா இது?” என்று கேட்டார்.

“எங்கப்பா பேருங்க. கம்ப்யூட்டர்லதாங்க இருக்கு, கிரவுண்டுல இல்லைங்க” என்றேன்.

“இன்னைக்குக் கம்ப்யூட்டர்ல எழுதுனவன் நாளைக்கு கிரவுண்டுல எழுத மாட்டியா?” என்று சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்.

மூஸா பாய் குறுக்கே வந்து, “வெறும் படம் தம்பி, நான் அழிச்சிடுறேன்” என்றார். “நீங்க ஒதுங்குங்க பாய். போட்டவனே அழிக்கட்டும்” என்றார்கள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். முதலில் பலகைகளை அழித்தேன். கேலரியைக் கடைசிக்கு வைத்தேன். சிடியைக் கேட்டு வாங்கி சாமிதுரை ஒடித்தான். அத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அதன் பிறகு என் வலது கையை மேசையில் வைத்து இருவர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, சிங்காரவேலு கையோடு கொண்டுவந்திருந்த கிரிக்கெட் பேட்டால் அடித்தார். நான் மயங்கிவிட்டேன். மூஸா பாய்தான் ஆட்டோ வைத்து என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

விரல்கள் முன்போல மடங்காது என்று டாக்டர் சொன்னார். அஸார் சொன்ன நேர்முகத் தேர்வுத் தேதி போய்விட்டது.

நேற்று மூஸா பாய் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். “அந்நேரம் பள்ளிவாசல்ல இருந்தேன்னு போலீஸ்ல சொல்லிட்டேன் தம்பி. நான் அவங்க நடுவுலதான கடை வச்சிருக்கேன்” என்றார். நான் சரிங்க பாய் என்றேன். பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் தாயாரை நடவுக்கு வர வேண்டாம் என்று மேலத்தெருவில் சொல்லிவிட்டார்கள். “கேசு வேணாம்பா. அவங்க வயல்லதான நாம எறங்கியாகணும்” என்று அவர் என் காலடியில் உட்கார்ந்து சொல்கிறார். இது எழுதப்படும்போதும் உட்கார்ந்திருக்கிறார்.

எதற்காக அந்தப் பெயரை எழுதினாய் என்று சார்பு ஆய்வாளர் அவர்கள் கேட்டதற்கு, வேறு எங்கும் எழுத இடமில்லாததால் எழுதினேன் என்று கூறினேன். அந்தப் படம் இப்போது எங்கும் இல்லை. கோர்ட்டில் கேட்டால் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

யார் தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னபடியே இருக்கிறது. அனைத்தும் உண்மை. எனக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கையெழுத்துப் போடத் தெரியும். வலது கையில் கட்டு இருப்பதால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.

(இ.பெ.ரே.) கா. அறிவுச்செல்வன்