ரங்கசாமி கங்காணியின் ரப்பர்க் கட்டை வேலி

உட்காருங்கள் முதலாளி. வீடு வாங்க வந்தவரிடம் வேலியைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுவதுதான் முறை. இந்த வேலி நடந்தது. கால் முளைத்து, கடலோரத்தில் கிளம்பி, தென்னைகளைத் தாண்டி, வீட்டுச் சுவர்வரைக்கும் வந்து நின்றது. நடக்க வைத்தவன் நான். மலாக்கா முழுக்கத் தேடினாலும் இந்த வித்தை தெரிந்த இன்னொருவன் கிடைக்கமாட்டான். நான் கட்டிய வேலியைத் தாண்டப் பார்த்த காற்று சட்டை கிழிந்து திரும்பிப் போயிருக்கிறது.

நீங்கள் நம்பாவிட்டால் குற்றமில்லை. என் வீட்டுக்காரி இருசம்மாளே நம்புவதில்லை. அதோ, படியில் உட்கார்ந்து மீன் அரிகிறாளே, அவள்தான். இந்தப் பேச்சை எடுத்தாலே, "வேலியாவது நடக்கிறதாவது. உள்ள போன கள்ளு நடந்திருக்கும் லா" என்பாள். ஊரே நம்பினாலும் அவள் மட்டும் தலையாட்டமாட்டாள்.

செலண்டார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கம்பி வேலை பார்த்து ஓய்ந்தவன் நான். ரங்கசாமி அங்கே பெரிய கங்காணி. கண்டிப்பான மனிதர், அதில் குறை சொல்லமாட்டேன். அவர் இருமினால் ரப்பர் மரம் பயந்துபோய்க் கூடுதலாகப் பால் விடும். ஒரு வருடம் கூலிகள் குடியிருந்த லயத்தில் வாந்திபேதி வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி அடித்து, கேட்டைப் பூட்டி, சாவியைக் கங்காணி இடுப்பில் செருகிக்கொண்டார். எங்கள் மகள் ஜெயமணியை நோய் பிடித்தது. ஆஸ்பத்திரிக் கொட்டகை கம்பிக்கு அந்தப் பக்கம்தான். உரக்கக் கூப்பிட்டால் மருந்து கொடுக்கும் டிரெஸருக்குக் கேட்கும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றோம்.

"தொரை உத்தரவு வரட்டும்டா. ஏன் பறக்குற?" என்று வெற்றிலையை மடித்தார் கங்காணி.

உத்தரவு வராமலில்லை, வந்தது. பிள்ளைக்குத்தான் அது தேவைப்படவில்லை.

நான் கோபப்படவில்லை. கோபம் அரைகுறை வேலைக்காரனின் குணம். வேலி கட்டுகிறவன் முதலில் மண்ணைப் பார்ப்பான், பிறகு மரத்தைப் பார்ப்பான், கடைசியில்தான் குழி தோண்டுவான்.

சில வருடம் கழித்து, தோட்டங்களில் ஆள் குறைத்த சமயம், கங்காணி வேலையை விட்டுவிட்டு இந்த உம்பாய்க் கடற்கரையில் மனை வாங்கினார். மனைவி ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. தனி ஆள். வேலி போட என்னைத்தான் கூப்பிட்டனுப்பினார். செய்ததை அவர் மறந்திருந்தார். அப்படி மறப்பதற்கு நல்ல மனசு வேண்டும்.

"மருதமுத்து, நிபோங் கட்டையெல்லாம் வேணாம்டா. தோட்டத்துல பழைய ரப்பர் மரத்த வெட்டிச் சாய்க்கிறான், சும்மாவே அள்ளிட்டு வரலாம். எனக்குச் சோறு போட்ட மரம், வேலியும் போடட்டும்."

"நல்ல யோசனை ஐயா."

நிபோங் என்பது சேற்றுக்கரையில் வளரும் பனை மாதிரி மரம். கடல் தண்ணீரில் நட்டாலும் பேரன் காலம்வரை நிற்கும். ரப்பர் மரமோ உப்புக்காற்றில் நனைந்தால் தேத்தண்ணியில் விழுந்த ரொட்டிதான். கங்காணிக்கு அது தெரியாது. ஆயுசு முழுக்கப் பால் வடியும் பட்டையைப் பார்த்தாரே தவிர, உள்ளே இருக்கிற மரத்தை அவர் பார்த்ததேயில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது மரியாதையில்லை. தார் பூசி, நூல் பிடித்த மாதிரி நட்டுக் கொடுத்தேன். கப்பலில் போகிறவன்கூட எழுந்து நின்று பார்த்தானாம்.

ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. கட்டைகள் அடியில் உளுத்தன.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. உளுத்த கட்டையைப் பிடுங்கிவிட்டுப் புதிது நட்டால் கம்பி தொய்ந்துவிடும். அதனால் பழையதை விட்டுவிட்டு, உள்பக்கமாக ஒரு முழம் தள்ளிப் புதிய கட்டையை நட்டு, கம்பியை மாற்றிக் கட்டி, பிறகுதான் பழையதைப் பிடுங்குவோம். நியாயமான முறை. கட்டை உளுக்க உளுக்க நான் மாற்றினேன். மாற்ற மாற்ற வேலி உள்ளே வந்தது. எல்லாம் பட்டப்பகலில்தான். கங்காணி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

ஒருநாள் அவருக்கே உறைத்தது.

"என்னடா, அந்தத் தென்ன உள்ளதானே இருந்துச்சு?"

"ஆமாங்கய்யா. நேத்து தோட்டத்து ஆளுங்க சில பேரு பாசார்ல உங்க வீட்ட விசாரிச்சாங்க. வேலி கிட்டத்துல இருந்தா உங்களுக்குக் காவல் சுலபம்."

யாரும் விசாரிக்கவில்லை. ஆனால் கங்காணி தன்னால் வேலை போனவர்களையெல்லாம் மனத்துக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். முகம் வெளுத்தது. "அப்ப இன்னும் நெருக்கிப் போடு" என்றார். முதலாளி இதைக் கவனிக்க வேண்டும். நெருக்கச் சொன்னவர் அவர்.

நெருக்கினேன். கம்பியை ஒன்றுக்கு மூன்றாக அடித்தேன். சமையலுக்கு வந்தவன் நுழைய வழியில்லையென்று நின்றுவிட்டான். அரிசியும் கருவாடும் நான் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். கடைசியில் சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு கோழி பக்கவாட்டில் நடக்கலாம், அவ்வளவுதான். கேட்டையும் ஆணி அடித்து மூடச் சொன்னார். மூடினேன்.

பிறகு அவருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மருதமுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகணும்டா. ஆணியப் பிடுங்கு" என்றார்.

"உத்தரவு வரட்டும் ஐயா" என்றேன்.

அப்போதுதான் அவருக்கு என் பிள்ளை ஞாபகம் வந்தது. முகத்தில் தெரிந்தது. அது போதும் எனக்கு. வெளியே சாய்ந்து கிடந்த தென்னையில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தேன். பக்கத்துக் கம்போங்கில் குடியிருக்கும் ஆள் ஒருவர் வந்து, உள்ளே யாரோ கூப்பிடுகிறார்களே என்று கேட்டார். கங்காணி பஜனை பாடுகிறார், இடைஞ்சல் செய்யவேண்டாம் என்று அனுப்பிவைத்தேன். பஜனை மறுநாள் சாயங்காலம்வரை நடந்தது. குரல் நின்ற பிறகு ஆணியைப் பிடுங்கினேன். நான் அவரைத் தொட்டதுகூட இல்லை முதலாளி. கொன்றது அவர் கேட்ட வேலி. என் பிள்ளையைக் கொன்றதும் ஒரு வேலிதான். கணக்கு நேராகிவிட்டது. எனக்கு நல்ல தூக்கம் வருகிறது.

இருசம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவவில்லை.

"நடந்துச்சுங்க முதலாளி" என்றாள் உங்களைப் பார்த்து. "என் கண்ணால பார்த்தேன். இவரு கையாலதான் கட்ட கட்டையா நகந்துச்சு. நம்பல நம்பலன்னு சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் இந்த மனுசன்கூட எனக்குப் பொழப்பு ஓடும்."

"ஏன் புள்ள?" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"லயத்த அடைச்ச கம்பியும் இவரு அடிச்சதுதான். பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒரே ஒரு கட்டையப் பிடுங்குங்கன்னு இவரு கால்ல விழுந்தேன். 'நட்ட ஈரம் காயல, இப்ப பிடுங்கினா வேலி கெட்டுப்போயிரும்'னாரு."