முந்திச் சொன்னதும் பிந்தி வந்ததும்

முப்பத்தாறு ஆண்டுகள் தந்திக் கருவியின் தட்டலுக்குக் காது கொடுத்து, ஆயிரம் வீடுகளின் அழுகையையும் கல்யாணத்தையும் தம் கையால் எழுதி அனுப்பி, அதில் ஒரு சொல்லைக்கூட வெளியே கசியவிடாத உள்ளத்தவரே! காலிப் புகையிலை டப்பாவைக் கருவிக்குப் பின்னால் செருகி அதன் குரலைக் கூட்டிய கைக்காரரே! எங்கள் மூத்தவரே, திரு. சிலுவைமுத்து அவர்களே! வணக்கம்.

புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தோம். நாலு வரிக்கு மேல் உண்மையாக வரவில்லை. உங்களுக்கும் அது பிடிக்காது. ஆகவே 1957 ஐப்பசியில் நடந்ததை இந்த வழியனுப்புச் சபைக்குச் சொல்லிவிடுகிறோம். இடையில் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

அந்தச் சனிக்கிழமை மழை விட்டிருந்தது. மூன்று நாளாக அறுந்து கிடந்த கம்பி சரியாகி, தேங்கிய தந்திகள் மொத்தமாக வந்து கொட்டின. சிலுவைமுத்து குனிந்த தலை நிமிராமல் எழுதினார். இந்தத் தொழிலில் காது கேட்கும், கை எழுதும், மனசு வேறெங்கோ இருக்கும். சாணார்பட்டிப் பக்கத்து ஆண்டிச்சாமிக்கு ஜபல்பூரிலிருந்து ஒன்று: "லீவு இல்லை. கல்யாணத்தை நிறுத்தவும். உடையப்பன்." ஆண்டிச்சாமி மகளுக்குப் பார்த்த பட்டாளத்து மாப்பிள்ளை; திங்கட்கிழமை முகூர்த்தம். மத்தியானமே டெலிவரி முனியப்பன் அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டார்.

டீ குடிக்கும்போதுதான் சிலுவைமுத்துவுக்கு உறைத்தது. வியாழக்கிழமை இதே ஆண்டிச்சாமிக்கு, "லீவு கிடைத்தது. புறப்பட்டேன். உடையப்பன்" என்று எழுதியதும் இதே கைதான். நகல்களை எடுத்துப் பார்த்தார். தந்தியின் தலையில், அனுப்பியவர் கொடுத்த நேரம் இருக்கும். 'நிறுத்தவும்' புதன் காலை ஒன்பது மணி. 'புறப்பட்டேன்' அதே புதன் மாலை ஐந்து மணி. பிந்திச் சொன்னது வேறு வழியாகச் சுற்றி முந்தி வந்துவிட்டது. முந்திச் சொன்னது அறுந்த கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்து, இன்றைக்கு வந்திருக்கிறது.

"ராயப்பா, என் சீட்டைப் பாத்துக்க. போயிட்டு வாரேன்."

"அண்ணே, டூட்டிய விட்டுட்டுப் போனா மெமோ குடுப்பாங்கண்ணே!"

"குடுக்கட்டும்."

ஏழெட்டு மைல் சேறு. அவர் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் ஊரே கூடியிருந்தது. தந்தியை வாத்தியார் படித்துச் சொல்லி முடித்துவிட்டார். ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, பந்தலும் போட்டாகிவிட்டது. அதே முகூர்த்தத்தில் பெண்ணைத் தாய்மாமன் மகன் பொம்மையனுக்குக் கட்டிவைப்பதென்று பேசி, வெற்றிலைத் தட்டை மாற்றக் கை நீட்டியிருந்தார்கள். பெண் பொன்னழகு பந்தக்காலைப் பிடித்தபடி நின்றாள்.

"தட்டைக் கீழ வைங்க! தந்தி ஆபீசுலருந்து வாரேன்!" சிலுவைமுத்துவுக்கு மூச்சு வாங்கியது.

"யாருய்யா நீரு? தந்தி ஆபீசா, கல்யாணத் தரகரா?" என்றார் பொம்மையனின் தகப்பன்.

"தந்தி எழுதுனவன். தப்பும் என்னோடதுதான்." ஆண்டிச்சாமியின் பக்கம் திரும்பினார். "பெரியவரே, தந்தி வந்த நாளைப் பாக்காதீங்க. அவரு குடுத்த மணியப் பாருங்க. வரலேன்னது காலையில. வாரேன்னது சாயங்காலம்."

ஆண்டிச்சாமி இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதெப்படிய்யா, பிந்திக் கெளம்புனது முந்தி வரும்? நாளைக்கி அவன் வராமப் போனா எம் மகள நீரா கட்டிக்கிருவீரு?"

கூட்டம் சிரித்தது. புறப்பட்டவன் வழியில் என்ன ஆனானோ, சிலுவைமுத்துவுக்கும் தெரியாது.

பொன்னழகுதான் தகப்பனைப் பார்த்துப் பேசினாள். "நாளைச் சாயங்கால ரயில் வரைக்கும் பொறுங்கப்பா. அதுலயும் வரலேன்னா நீங்க சொல்றவருக்குக் கழுத்த நீட்டுறேன்."

"அவ சொல்றபடி விடுங்க மாமா" என்றான் பொம்மையன். "நானென்ன ஓடியா போறேன்?"

மறுநாள் பூசை முடிந்ததும் சிலுவைமுத்து ரயிலடிக்குப் போய்விட்டார். காலை வண்டியில் ஆள் இல்லை. மாலை வண்டி ஒன்றரை மணி தாமதம். ஆண்டிச்சாமி பிளாட்பாரத்தின் மறுகோடியிலேயே நின்றார். வண்டி வந்தது. இறங்கியவர்கள் எல்லாரும் கலைந்த பிறகு, கடைசிப் பெட்டியிலிருந்து இரும்புப் பெட்டியும் கையுமாக ஒருவன் இறங்கினான். ஆண்டிச்சாமி மருமகனைக்கூட அப்படியே விட்டுவிட்டு, நேரே வந்து சிலுவைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பந்தியில மொத எலை உமக்குத்தான்."

மெமோவும் வந்தது. கம்பி அறுந்ததென்று எழுதினால் போதும், விட்டுவிடுவார்கள் என்று எல்லாரும் சொன்னோம். சிலுவைமுத்து எழுதியது: "மணியை எழுதினேன், பார்க்கவில்லை. தவறு என்னுடையது."

ஐயா, அன்று முதல், ஒரே வீட்டுக்கு இரண்டாவது தந்தி வந்தால் நாங்கள் மணியைப் பார்க்கிறோம். வரிசை மாறியிருந்தால் சிவப்புப் பென்சிலால் 'இது முந்திச் சொன்னது' என்று எழுதிக் கொடுக்கிறோம். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. அடுத்தவன் செய்தியை நிறுத்தி வைக்க நமக்கு உரிமை கிடையாது, எப்போது சொன்னான் என்பதைச் சொல்லும் கடமை உண்டு என்று நீங்கள் அதட்டுவீர்கள். அந்த அதட்டலோடுதான் எங்கள் வாலிபம் கழிந்தது. ஒரு டீயை நாலு பேர் பங்கிட்ட மழைநாட்களை இப்போதும் பேசிக்கொள்கிறோம். நாளைக் காலை உங்கள் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். அதைப் பார்க்க எங்களுக்குத் தெம்பில்லை.

உங்கள் கண்ணும் காதும் முழங்காலும் நெடுங்காலம் உங்கள் சொல் கேட்டு நடக்கட்டும். துணைவியார் ரோஸ்மேரி அம்மாளுடன் நிறைவாக வாழுங்கள். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் செய்திகள் எந்த வரிசையில் வந்தாலும் நல்லவையாகவே இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பில்,
உங்களோடு பணிபுரிந்தோர்
திண்டுக்கல், 31-8-1966