புகை நின்ற அறை

— ஏனுங்க, மறுபடியும் விழுந்திருக்குதுங்க! காலையிலதான் உதறி விரிச்சேன். இப்ப பாருங்க, தலகாணி பூரா மாவு.

— சுண்ணாம்பா இருக்கும் ருக்கு. போன வாரம் அடிச்சதுதானே, காஞ்சு உதிருது.

— சுண்ணாம்பு வெள்ளையா இருக்கும். இது மஞ்சளா இருக்குது. நானா உங்களுக்குப் பாடம் சொல்லணும்? ஒறம்பரை வந்தா உக்கார வச்சு, மோட்டார் எப்படித் தண்ணி இழுக்குதுன்னு கிளாஸ் எடுக்கற ஆளு நீங்க.

— சரி, அந்தக் கட்டிலை அக்கட்டால இழு. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்கறேன்.

— சுருக்கா பாருங்க. நம்ம புள்ள மேகலாவும் மாப்பிள்ளையும் அடிவாரத்துல பேளுக்குறிச்சி வந்துட்டாங்களாம், பூத்துக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க. கல்யாணம் ஆகி மொத மொதல்ல ஜோடியா வந்து தங்குதுங்க. அதுகளுக்குன்னுதானே இந்தப் பழைய அடுப்படியை ரூமா மாத்தினோம். டியூப்லைட் என்ன, சன்னலுக்குத் திரை என்ன...

— கொஞ்சம் பேசாம இரு. தட்டறேன்... கேட்டியா?

— என்னத்தக் கேக்கறது?

— கெட்டி மரம்னா ணங்குன்னு கேக்கும். இது பொத்துங்குது. உள்ள ஒண்ணுமில்ல. உளுத்துப் போச்சு.

— என்ற சாமி! உத்தரமுங்களா?

— மேல மூங்கில்ல ஆரம்பிச்சு உத்தரத்துக்கு எறங்கியிருக்குது. விரலை வச்சேன், உள்ள போகுது.

— உங்க அப்பாரு காலத்துல இருந்து நிக்கிற ஊடுங்க. இத்தனை வருசம் இல்லாத வண்டு இப்ப எங்கிருந்து வந்துச்சு?

— வண்டு எப்பவும் இருந்துச்சு. புகைதான் இல்லாம போச்சு.

— புகையா? இதுல புகை எங்க வந்துச்சு?

— சொல்றேன் கேளு. மூங்கிலுக்குள்ள மாவுச்சத்து இருக்குது. குஞ்சு அதைத் தின்னு வளரட்டும்னுதான் வண்டு அதுக்குள்ள முட்டை வைக்குது. கீழ அடுப்பு எரிஞ்சுதுன்னா புகை மேல போயி ஓட்டுச் சந்து வழியா வெளிய போகும். போற வழியில மரத்துல ஈரம் தங்க உடாது. கரி ஏறி ஏறி மரமே கசந்து போகும். கசந்த மரத்துல எந்த வண்டு வாய் வைக்கும்? மழை விடாம பேயிற இந்த மலையில அடுப்புப் புகைதான் கூரைக்கு மருந்து.

— அந்த அடுப்பைத்தான் மூணு வருசத்துக்கு முந்தியே கழட்டி வெளிய தகரக் கொட்டாய்க்குக் கொண்டு போயிட்டோம்.

— ஆமா.

— எனக்கு இளைப்புன்னு.

— டாக்டர்தான் சொன்னாரே. இன்னும் புகையில நின்னா நெஞ்சு தாங்காதுன்னு.

— அப்ப என்ற மூச்சுக்காக ஊட்டைக் கொன்னுட்டமா?

— என்ன பேச்சு இது? எறங்கறேன், ஸ்டூலைப் புடி.

— புடிச்சிருக்கேன், வாங்க. ராத்திரி இது அதுங்க தலையில விழுந்தா என்னங்க பண்றது? மேகலா தாலிக்கயித்துல மஞ்சகூட இன்னும் வெளுக்கல.

— இங்க யாரும் படுக்க வேண்டாம். மிளகுக்கொடித் தோட்டத்துல சில்வர் ஓக் கட்டை கெடக்குது. ரெண்டை எடுத்தாந்து உத்தரத்துக்கு முட்டு குடுக்கறேன். கட்டிலைக் கூடத்துல போட்டுரு. நாம கொட்டாயில படுத்துக்கலாம்.

— புது மாப்பிள்ளைக்குக் கூடத்துலயா படுக்கை? ‘சென்றாயன் ஊட்டுல எம்மவனுக்கு ஒரு ரூமு இல்லை’ன்னு சம்பந்தியம்மா ராசிபுரம் பூரா சொல்லிச் சிரிக்கும்.

— மூஞ்சியெல்லாம் மரத்தூள் பவுடர் போட்டுத் திருப்பி அனுப்பினா சிரிக்காதா?

— உங்களுக்கு வெளையாட்டா இருக்குது. கூடத்து உத்தரம் எப்படி இருக்குது? அதையும் தட்டுங்க.

— அது நல்லாத்தான் இருக்கும்.

— தட்டுங்கன்னா தட்டுங்க!

— இந்தா... ணங். கேட்டுச்சா? கெட்டி. ஓரத்துல மட்டும் ஊசி குத்தின மாதிரி ரெண்டு ஓட்டை.

— அப்ப அங்கயும் வந்துருச்சு!

— இப்பத்தான் வருது. வேப்பெண்ணெய் தடவி உடறேன்.

— தடவினா நின்னுருமா?

— பார்க்கலாம்.

— பார்க்கலாம்னா? புகை போட்டா நிக்குமா, அதைச் சொல்லுங்க.

— அந்த வேப்பெண்ணெய்ப் பாட்டிலை எங்க வச்ச?

— உங்களைத்தான் கேக்கறேன். இவ்வளவு நேரம் வாய் மூடாம சொன்னீங்க, இப்ப என்ன ஆச்சு?

— நிக்கும். உளுத்துப் போனது போனதுதான். உளுக்காத மரத்தைப் புகை காப்பாத்தும்.

— அப்ப தள்ளுங்க. கொட்டாயில அடுப்பு எரியுது. ரெண்டு கொள்ளி எடுத்தாந்து கூடத்து மூலையில மூணு கல்லைக் கூட்டி வச்சுடறேன்.

— ருக்கு, நில்லு.

— ஒரு வேளைச் சமையல் உள்ள, மறு வேளை வெளிய. அதுல எனக்கு என்ன வந்துரப் போகுது?

— என்ன வருமா? நீ படுத்துத் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு அப்ப கேட்டா உனக்கே தெரியாது. ராவெல்லாம் செவுத்துல சாஞ்சு உக்காந்திருப்ப. விசில் ஊதற மாதிரி மூச்சு. நான் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டு, அடுத்த மூச்சு வருதா வருதான்னு கேட்டுக்கிட்டுக் கெடப்பேன்.

— அதெல்லாம் அப்ப. இப்ப மலையேறி விறகு கொண்டாரேன், பார்க்கறீங்கல்ல?

— எதனால கொண்டார? அடுப்பு வெளிய இருக்கறதால.

— ஊடு விழுந்துட்டா அந்த மூச்சை வச்சுக்கிட்டு எங்க போயி நிக்கறது? வழியை உடுங்க மாமா.

— உட மாட்டேன்.

— இது நல்லா இருக்குதே! வண்டு எதுக்கு முட்டை வைக்குது, புகை எந்தச் சந்துல போகுது, அத்தனையும் தெரிஞ்ச மனுசன். அடுப்பைக் கழட்டின அன்னைக்கு இதுல ஒரு வார்த்தை சொன்னீங்களா? பாட்டுப் பாடிக்கிட்டுக் கொட்டாய்க்குத் தகரம் அடிச்சீங்க. அன்னைக்கு இது தெரியாதாக்கும்?

— தெரியும்.

— தெரியுமா? கூரை போயிரும்னு தெரிஞ்சேவா? அப்பறம் ஏனுங்க சொல்லல?

— சொல்லியிருந்தா அடுப்பைக் கழட்ட உட்டிருப்பியா, ருக்கு?