தலைவருக்கு ஃபுல் கண்ட்ரோல்

வயர கழட்டாதீங்கண்ணே, மொதல்ல நடந்தத கேட்டுக்குங்க. அழிஞ்சுபோன வெள்ளிவிழா மலர மீட்டுக் குடுக்கணும்னுதான சங்கத் தலைவரு உங்கள ஜொகூர் பாருலேருந்து வரவச்சிருக்காரு? ம், தெரியும். நான் இங்க கிளார்க், பிரேமலா.

இந்த சர்வரப் போட்டது ஹேமநாதன்னு ஒருத்தரு. நம்ம சிகாமட் ஆளு, தெப்ராவ்ல ஃபேக்டரியில ஐடி வேல. சங்கத்து வெள்ளிவிழா மலருக்கான கட்டுரை, படம் எல்லாத்தையும் ஆளாளுக்கு பென்டிரைவ்ல வச்சிக்கிட்டு அலைஞ்சோம்லா. எல்லாம் ஒரே எடத்துல இருக்கட்டும், எந்தக் கம்ப்யூட்டர்லேருந்தும் தொறக்கலாம்னு லினக்ஸ் போட்டுக் குடுத்தாரு. அதுல சம்பான்னு ஒரு சாஃப்ட்வேர் வேணும்னு கமிட்டியில சொன்னாரு. பொருளாளரு அத அரிசின்னு நெனச்சு, விருந்துக்குப் பொன்னியே போதும்னுட்டாரு. நானும் அப்படியே கூட்டக் குறிப்புல, மினிட்ல எழுதிட்டேன்.

அப்புறந்தான் பெர்மிஷன் பிரச்சன வந்துச்சு. மலர் தயாரிக்கிற ரெண்டு பேரு மட்டும் மாத்தலாம், மத்தவங்க பாக்கலாம், கை வைக்க முடியாதுன்னு செட் பண்ணாரு. தலைவருக்கு மூஞ்சி செவந்துபோச்சு. என் சங்கத்துல நான் வேடிக்க பாக்குறவனாங்கிறாரு. ஒடனே துணைத்தலைவருக்கும் ரோஷம். கடைசியில தீர்மானமே போட்டு, கமிட்டி மொத்தத்துக்கும் ஃபுல் கண்ட்ரோல். கூட்டிப் பெருக்குற அக்கா மட்டுந்தான் எனக்கு வேணாம்னாங்க.

ஹேமநாதன் எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. ஒருத்தர் தவறி அழிச்சா எல்லாருக்கும் போயிடும், குப்பத்தொட்டியிலகூட கெடைக்காதுன்னாரு. சொன்னத மட்டும் செய்யுங்க தம்பின்னாரு தலைவரு. செஞ்சாரு.

கொஞ்ச நாள்தான். அட்டையில தன்னோட படம் சின்னதா இருக்குன்னு பெருசாக்க ஒக்காந்தாரு தலைவரு. நான் பக்கத்து மேசையில இருக்கேன். என்னத்த அமுக்குனாரோ, அலமாக், ஃபோல்டரே காணோம். சத்தமில்லாம கம்ப்யூட்டர அடச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.

அதோட விட்டாரா? பொதுக்கூட்டத்துல மைக்கப் புடிச்சு, வேல தெரியாத ஆள நம்புனது நம்ம தப்புன்னு பேசுறாரு. ஹேமநாதனோட அம்மா மொத வரிசையில இருந்தாங்க. அப்படியே தல குனிஞ்சிட்டாங்க. நான் பேசலாம்னு எந்திரிச்சேன். பக்கத்துல இருந்த ஹேமநாதன் வேணாம்னு கண்ணக் காட்டிட்டு, அம்மாவக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. கார்ல அவங்க கேட்டாங்களாம், நெசமாவே நீதான் அழிச்சியாய்யான்னு. தலைவரு பேசுனதவிட அதுதான் அவருக்கு வலிச்சிச்சு. அப்புறம் இந்தப் பக்கமே வரல.

என்னது, பேக்கப்பா? ஏன் இல்லாம? அவரு வேல தெரிஞ்சவராச்சே. அழியறதுக்கு முந்தின நாளு எடுத்தது, எங்க வீட்டு பீரோவுல பத்திரமா இருக்கு. தலைவரு அந்த அம்மா முன்னால வந்து, நான்தாம்மா அழிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், ஒடனே கொண்டாந்து குடுத்துர்றேன். மலர் வரலன்னா வராமப் போகட்டும்.

எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னா கேக்குறீங்க? தை மாசத்துலேருந்து அந்த அம்மா எனக்கு மாமியாருண்ணே.