பதக்கத்துல பட்ட வெயில்

விழா கெட்டுப்போச்சு.

கதவைத் தொடாதீங்க தம்பி! உள்ள பாடம் நடக்குது. யாரு, பத்திரிகையா? கேமராவோட வந்திருக்கீங்க... நல்ல நேரம் பார்த்து வந்தீங்க போங்க. பாராட்டு, பதக்கம், கைதட்டல் எல்லாம் காலையிலயே ஆச்சு. அப்ப வந்திருந்தா நாங்கல்லாம் மனுஷங்க மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பீங்க. இப்ப உள்ள போனா உங்க மானமும் போகும், கேமரா மானமும் போகும். இந்த பெஞ்சுல உட்காருங்க. நான் நிக்கிறேன்.

நான் ஏன் வெளிய நிக்கிறேனா? காத்து வாங்குறேன். வராந்தாவுல காத்து நல்லா வருது. அதுல உங்களுக்கென்ன?

கேளுங்க. ஓய்வு பெற்ற வாத்தியாருங்களுக்கெல்லாம் மரியாதை பண்றாங்களாம். சரி. பண்ணட்டும். ஆளாளுக்கு மைக்கைப் பிடிச்சு, "இவர் மெழுகுவர்த்தி, இவர் ஏணி, இவர் கலங்கரை விளக்கம்"னு... நான் கணக்கு வாத்தியார் தம்பி. ஜியாமெட்ரி. பசங்க எனக்கு வச்ச பேரு காம்பஸ். ஒரு முட்டி மடங்காது, அந்தக் காலை ஊனிட்டு மத்தக் காலால சுத்தித்தான் திரும்புவேன். காம்பஸ்னு சொல்லுங்கடா, ஒத்துக்கிறேன். ஏணின்னா என்ன அர்த்தம்? ஏறிட்டு செவுத்துல சாச்சு வச்சுட்டுப் போறதுக்கா? இரங்கல் கூட்டம் மாதிரி இருந்துச்சு. ஒரே வித்தியாசம், செத்தவனுக்கும் பிஸ்கட் கொடுத்தாங்க.

அப்புறம் இந்தப் பதக்கம். பாருங்க, சாஸர் அளவு! கழுத்து வலிக்குது. நல்லா பாலிஷ் போட்டுத் தொலைச்சிருக்கான், முகம் தெரியுது. அங்கதான் வினையே... அதை அப்புறம் சொல்றேன்.

இதுக்கெல்லாம் காரணம் எங்க தலைமையம்மா. முன்னாள் ஹெட்மிஸ்ட்ரஸ், இந்தச் சங்கத்துக்கு இப்ப தலைவி. அந்தம்மா ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷமாச்சு, குரல் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகலை. வாத்தியார் வேலைக்குப் படிக்கப்போற பிள்ளை ஒருத்தருக்கு வருஷா வருஷம் படிப்புச் செலவு மொத்தத்தையும் சங்கம் கொடுக்கும். போன வருஷம் மார்க்கைப் பார்த்துக் கொடுத்தோம். நல்ல மார்க். அந்தப் பையன் பயிற்சிக்குனு ஒரு வகுப்புக்குள்ள போனான். பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து ஒரு சத்தம் போட்டுச்சுங்க. ஓடினவன்தான். இப்ப பேங்குல சௌக்கியமா இருக்கான்.

அதனால அம்மா இந்த வருஷம் என்ன பண்ணுச்சு? "மார்க்கு வேண்டாம். வகுப்பு எடுத்துக் காட்டட்டும். இன்னிக்குப் பதக்கம் வாங்கின நீங்கதான் மாணவர்கள். நீங்கதான் நீதிபதிகளும். பாடம் முடிஞ்சதும் எல்லாரும் கை தூக்கணும். ஒரு கை குறைஞ்சாலும் உதவித்தொகை கிடையாது"ன்னுது.

புரியுதா தம்பி? எங்களைக் கொண்டுபோய் பெஞ்சுல உட்கார வச்சுது!

"நல்ல பிள்ளைகளா இருங்க"ன்னு வேற சொல்லிட்டு, கடைசியில ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துக்குச்சு. ஆயுசு பூரா கரும்பலகைப் பக்கமா நின்னவங்க நாங்க. பிள்ளைங்க பண்ற அத்தனை சேட்டையும் அத்துப்படி. பார்த்ததுதான், பண்ணினதில்லை. பெஞ்சுல உட்கார்ந்ததும் உள்ளங்காலெல்லாம் குறுகுறுன்னுது...

எனக்கு இல்ல. மத்தவங்களுக்கு. சொன்னாங்க.

முதல்ல ஒரு பையன் வந்தான். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. மழை எப்படிப் பெய்யுதுன்னு பாடம். மேகம்னு சொல்லி வாய் மூடலை, பின் பெஞ்சுல எவனோ "ம்ம்ம்ம்"னு ஆரம்பிச்சான். வாயைத் திறக்காம. தேனீ மாதிரி. உடனே டிரில் மாஸ்டர் எடுத்தார், ஓவிய வாத்தியார் எடுத்தார்... பாட்டு டீச்சர் அதுக்கு சுருதி சேர்க்குது! பையன் கிட்ட வந்தா அந்த வரிசை நிக்கும், அடுத்த வரிசை தொடங்கும். அங்க ஓடுவான், இங்க தொடங்கும். கடைசியில ஒரு டம்ளர் தண்ணி குடிச்சான், கும்பிட்டான், போயிட்டான். இன்னும் திரும்பி வரலை.

யார் ஆரம்பிச்சதா? அதான் சொன்னேனே, எவனோ.

ரெண்டாவதா ஒரு பொண்ணு. ரொம்ப மரியாதை. எல்லாத்துக்கும் "சரிங்க ஐயா, சரிங்க அம்மா". எவனோ கையைத் தூக்கி, "டீச்சர், ஒண்ணுக்கு"ன்னான். "போயிட்டு வாங்க ஐயா"ன்னுச்சு. அவ்வளவுதான், வரிசையா கை! எங்க வயசுக்கு அதைப் பொய்னும் சொல்ல முடியாது பாருங்க, பாதிப் பேரு நெசமாவே போகவேண்டியவங்க. கொஞ்ச நேரத்துல பெஞ்சுல மிச்சம் பாட்டு டீச்சர் மட்டும். அதுவும் தூங்கிட்டிருந்துச்சு. அந்தப் பொண்ணு தூங்குற ஆளுக்குப் பாதிப் பாடம் எடுத்துட்டு அழுதுட்டுப் போச்சு.

சிரிக்காதீங்க! சிரிக்கிற விஷயமா இது? நாங்க வராந்தாவுல நின்னு வயிறு வலிக்கச் சிரிச்சோம், அது வேற. தையல் டீச்சர் சிரிச்ச சிரிப்புல பல்செட் கையோட வந்துருச்சு.

தலைமையம்மாவுக்கு வந்துதே ஒரு கோபம்! "வெட்கமா இல்ல உங்களுக்கு? பதக்கம் ஒரு கேடா? இந்த வருஷம் யாருக்கும் உதவித்தொகை கிடையாது. விழா முடிஞ்சுது. எல்லாரும் கிளம்புங்க"ன்னு கத்துச்சு. அம்மா கத்தினா இப்பவும் எனக்கு முட்டி மடங்கும் போலிருக்கு.

அப்ப கதவுகிட்டேருந்து ஒரு குரல். "டீச்சர், நான் இன்னும் பாடம் எடுக்கலையே."

திரும்பிப் பார்த்தா, ஒரு பொண்ணு. ஒல்லின்னா ஒல்லி. கதவுக்கும் நிலைக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல நின்னாலும் நிக்கும். துணிக்கடையில பொட்டலம் கட்டுற வேலையாம். போன வருஷமும் கேட்டுச்சு, மார்க்குல நூலிழையில விட்டுது. காலேஜுல இடம் கிடைச்சாச்சு, அடுத்த வாரம் பணம் கட்டலைன்னா இடம் போயிடும். அப்புறம் பொட்டலம்தான். எல்லாத்தையும் நின்ன இடத்துலயே ரெண்டு வாக்கியத்துல சொல்லிட்டு, பதிலுக்குக் காத்திருக்காம சாக்பீஸை எடுத்துருச்சு.

நான் பக்கத்துல இருந்த ஓவிய வாத்தியார்கிட்ட, "தீக்குச்சி"ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். அது பெஞ்சு பெஞ்சா கைமாறி அந்தப் பொண்ணு காதுக்கே போயிருச்சு. எழுதிக்கிட்டே, திரும்பாமயே சொல்லுது: "ஆமா, தீக்குச்சிதான். உரசிப் பார்க்காதீங்க."

எப்படி! சரி, இவ கிட்ட ஒரு கை பார்க்கலாம்னு... எவனோ நினைச்சான்.

எங்கே எந்திரிக்கிறீங்க? உட்காருங்க. முக்கியமான இடமே இப்பத்தான் வருது.

வெளிச்சம்னு பாடம். வெளிச்சம் நேராத்தான் போகும், எங்கேயாவது பட்டாத் திரும்பும்னு சொல்லிட்டிருக்கு. அப்ப பார்த்து கரும்பலகையில ஒரு பொட்டு. வெளிச்சப் பொட்டு. சாஸர் அளவு. எவனோ பதக்கத்துல வெயிலைப் பிடிச்சு அடிக்கிறான். பொட்டு எழுத்து மேல ஊருது, சாக்பீஸ் மேல குந்துது, அவ மூக்கு நுனியில உட்காருது. வகுப்பே குலுங்குது. எனக்கு... அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா தம்பி? அந்த மாதிரி சந்தோஷம் நான் கல்யாணத்துக்குக்கூடப் பட்டதில்ல.

அவ திட்டலை. "யாரு"ன்னுகூடக் கேட்கலை. பொட்டைப் பார்த்து, "அட, வந்துட்டீங்களா! உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்"ன்னா. பொட்டைப் பார்த்து!

அப்புறம் எங்க பக்கம் திரும்பி, "எல்லாரும் அப்படியே சிலையா இருங்க. இந்தப் பொட்டு மறைஞ்சா, யாரு அசைஞ்சாங்கன்னு தெரிஞ்சிடும். மறையலைன்னா, எங்கேருந்து வருதுன்னு நாமளே கண்டுபிடிச்சிடலாம்"ன்னா.

பார்த்தீங்களா கிடுக்கி? அசைஞ்சாலும் மாட்டினான், அசையாட்டியும் மாட்டினான்!

டிரில் மாஸ்டரை விட்டு ஜன்னலை ஒண்ணொண்ணா சாத்தச் சொன்னா. ரெண்டாவது ஜன்னலைச் சாத்தினதும் பொட்டு காணோம். திறந்தா வருது. "அப்ப வெயில் இந்த வழியா வருது. எங்கே, அந்த வெயில் யார் யார் மேல படுது?" எல்லாத் தலையும் திரும்புது. ரெண்டே பேரு. நானும் ஓவிய வாத்தியாரும். அவருக்கு வேர்த்துக் கொட்டுது, பாவம்.

"தையல் டீச்சர், உங்க கறுப்புக் கண்ணாடிதான் இப்ப வேணும்"ன்னு கூப்பிட்டா. கண் ஆபரேஷன் பண்ணிட்டு மாட்டியிருக்காங்க. அவங்களைக் கரும்பலகைகிட்ட, பொட்டு முகத்துல விழுற மாதிரி நிறுத்தி, "வெளிச்சம் வந்த வழியிலயே நேராத் திரும்பிப் பாருங்க. எந்தப் பதக்கம் எரியுது?"ன்னா. தையல் டீச்சர் பல்லை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு மறு கையை நீட்டுது...

எம்மேல.

ஆமா தம்பி. நான்தான். தேனீயும் நான்தான், ஒண்ணுக்கும் நான்தான். போதுமா? காத்து வாங்குறானாம் காத்து!

வகுப்பு அலறுது. அவ மட்டும் சிரிக்கலை. வந்த கோணமும் போன கோணமும் சமம்னு கரும்பலகையில கோடு போட்டா. ஸ்கேல் இல்லாம! நேர்க்கோடு! ஆயுசு பூரா கோணம் சொல்லிக்கொடுத்தவனைக் கோணத்தாலயே பிடிச்சுட்டா. சாக்பீஸைக் கீழ வச்சுட்டு, "ஐயா, உங்களாலதான் பாடம் நல்லா புரிஞ்சுது. நன்றி. இப்ப வெளிய போய் நில்லுங்க"ன்னா.

அப்ப தலைமையம்மாவே பதறி எந்திரிச்சுது. "ஏம்மா, அவரும் கை தூக்கினாத்தான் உனக்குக் கிடைக்கும். தெரியுமில்ல?"ன்னு கேட்டுது.

"தெரியும் டீச்சர். அது பாடம் முடிஞ்சப்புறம்."

அவ்வளவுதான் சொன்னா. அவ கை கதவைத்தான் காட்டுச்சு. இடம் போனா போகட்டும், வகுப்பு போகக்கூடாதுன்னு நின்னா பாருங்க... நான் காம்பஸ் மாதிரி ஒரு சுத்து சுத்தி வெளிய வந்துட்டேன். நான் எத்தனை பேரை இந்த மாதிரி வெளிய அனுப்பியிருப்பேன்! வெளிய நின்னா உள்ள நடக்குறது இவ்வளவு ஆசையா இருக்கும்னு ஒருத்தன்கூட எங்கிட்ட சொன்னதில்லையே. கேட்குதா? எல்லாரும் பதக்கத்தைக் கழட்டி ஆளுக்கொரு பொட்டு விடுறாங்க. பாடமாம்! நான் பண்ணினா சேட்டை, அவ பண்ணச் சொன்னாப் பாடம்!

உஷ்... சத்தம் நின்னுபோச்சு. முடிஞ்சுது போலிருக்கு. கை தூக்குறாங்களோ? தம்பி, நீங்க உயரம், ஜன்னல்ல எட்டிப் பாருங்க. படத்துக்குக் கீழ என்ன போடணும்னு நான் சொல்றேன், விழாவைக் கெடுத்தது காம்பஸ், அதைச் சரி பண்ணினது... தம்பி? யோவ், கேமரா!

எப்ப உள்ள போனான்? ஜன்னல் கம்பியைப் பிடிச்சு எட்டினாத்தான் தெரியுது... முதல் பெஞ்சுல குந்தியிருக்கான் பாரு, பதக்கம் வாங்கினவன் மாதிரி!

அடேயப்பா. எல்லாக் கையும் மேல இருக்கு. தூங்குமூஞ்சி பாட்டு டீச்சர் கைகூட. எல்லாரும் ஜன்னலையே பார்க்குறாங்க. என்னைத்தான்.

கதவு திறக்குது... வர்றா, வர்றா.

இதோ, கையைத் தூக்கிட்டுத்தான் நிக்கிறேன். ரெண்டு கையும். எண்ணிக்கோங்க. உள்ள வரலாமா... தீக்குச்சி டீச்சர்?